‘கால் இட் எ டே’ என்று சொன்ன பிறகு

அன்புள்ள டீம் லீடர்களுக்கு,

பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் கோவை சரவணம்பட்டியிலும் இருக்கிற மென்பொருள் அலுவலகங்களில் பத்துப் பேரையோ இருபது பேரையோ வைத்து வேலை வாங்கும் உங்களுக்குத்தான் இந்த மடலை எழுதுகிறேன். கம்பெனி நடத்துகிறவர்களிடமும் அரசாங்கத்திடமும் சொல்ல வேண்டியவை வேறு இருக்கின்றன. அவற்றைச் சொல்ல சங்கங்களும் கட்சிகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளை இன்று இரவு எத்தனை மணிக்கு லேப்டாப்பை மூடும் என்பதை அவர்கள் யாரும் முடிவு செய்வதில்லை. நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அதனால் உங்களிடமே நேராகப் பேசுகிறேன்.

உங்கள் குழுக்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குவது என் தொழில். விழுப்புரம், திருவாரூர், சங்கரன்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பலர் பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்தவர்கள். இலக்கணத்தில் அவர்கள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. உங்கள் கூட்டங்களில் பறக்கிற தொடர்களில்தான் தடுமாறுகிறார்கள். ‘டச் பேஸ்’, ‘சர்க்கிள் பேக்’, ‘லூப் மீ இன்’ என்று காதில் விழுந்ததையெல்லாம் செல்போனில் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் பொருள் கேட்பார்கள். அந்தக் குறிப்புகளில் தவறாமல் இருப்பது ‘கால் இட் எ டே’.

ஒருமுறை அதற்குப் பொருள் சொல்லி, எப்போது பயன்படுத்துவது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து, “மேம், எங்க லீட் டெய்லி இதைச் சொல்றாரு. ஆனா அவர் சொன்னதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்குது. அப்ப நீங்க சொல்ற அர்த்தம் எப்படி சரி?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த எல்லோரும் தங்கள் லீடும் அப்படித்தான் என்றார்கள்.

அவள் கேள்வி நியாயமானது. ஒரு தொடரின் பொருள் அகராதியில் இருப்பதைவிட, அதைக் கேட்டவர்களுக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை, ‘கால் இட் எ டே’ என்றால் கூட்டம் முடிந்தது, இனி நீ தனியாக உட்கார்ந்து செய் என்று பொருள். அந்தப் பொருளை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.

அந்தத் தொடருக்கு உண்மையில் உள்ள பொருளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ‘இன்றைக்கு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்’ என்பதுதான் அது. வேலை முடிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. முடிந்திருந்தால் அதைச் சொல்லவே வேண்டியதில்லை, எல்லோரும் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள். மிச்சம் இருக்கும்போதுதான் அதற்குத் தேவை வருகிறது. இன்னும் செய்யலாம், செய்ய ஆளும் இருக்கிறது, ஆனாலும் செய்தவரைக்கும் இதை ஒரு நாள் வேலையாகக் கணக்கு வைத்துக்கொள்வோம் என்பது அதன் உள்ளே இருக்கும் எண்ணம். 1838-லேயே அமெரிக்க அச்சில் ‘அரை நாள் என்று வைத்துக்கொள்வோம்’ என்ற வடிவம் வந்துவிட்டது. முழு நாள் ஆகாமலே வேலையை விட்டுக் கிளம்புகிறவர்களின் பேச்சு அது. நாள் கணக்கில் உழைத்தவர்களின் வாயில் பிறந்தது என்பது அந்தச் சொற்களிலேயே தெரிகிறது.

பயன்படுத்தும் இடங்களைப் பாருங்கள். வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. மேஸ்திரி அதைச் சொல்கிறார், ஏணியை இறக்குகிறார்கள். நெடுங்காலம் மளிகைக்கடை நடத்திய தம்பதி இனி முடியாது என்று பூட்டும்போது சொல்கிறார்கள். ஓய்வு பெறும் ஆட்டக்காரரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. இரவு விருந்திலிருந்து கிளம்புகிறவர் ‘டே’வை ‘நைட்’ ஆக்கிச் சொல்கிறார். எந்த இடமாக இருந்தாலும் சொன்னவர் நிறுத்துகிறார். ஏணியை இறக்கிய பிறகு மேஸ்திரி வந்து, இன்னும் ஒரே ஒரு கோட் அடித்துவிடு என்பதில்லை.

உங்கள் கூட்டத்தில் என்ன நடக்கிறது? இரவு 9.40. திரையில் பதினோரு கட்டங்கள். எட்டில் கேமரா இல்லை, பெயரின் முதலெழுத்து மட்டும். மாலை ஆறரைக்கு ஆரம்பித்த பேச்சு. “ஓகே டீம், லெட்ஸ் கால் இட் எ டே. குட் நைட்” என்கிறீர்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. 9.52-க்கு அவர்களில் ஒரு பிள்ளையின் சாட்டில் உங்கள் பெயர் எழுகிறது: “ஒன் க்விக் திங்.” பத்து நிமிட வேலைதான் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அதற்கு அவன் மூடிய விபிஎன்னைத் திரும்பப் போட வேண்டும், ஓடிபி வாங்க வேண்டும், பழைய கிளையை இழுத்து பில்டு ஓட்ட வேண்டும், ஒரு டெஸ்ட் தோற்றால் ஏன் தோற்றது என்று பார்க்க வேண்டும். பதினொன்றரைக்கு “டன்” என்று பதில் போடுகிறான். நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றை வைக்கிறீர்கள்.

அவன் தங்கியிருக்கும் பெரும்பாக்கம் பிஜி-யில் பத்து மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. ஸ்விகியில் எதையாவது வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். ஊரிலிருந்து அம்மா போன் செய்து “சாப்டியாப்பா” என்று கேட்டபோது, கூட்டத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. இப்போது கூப்பிட்டால் அம்மா தூங்கியிருப்பார். காலை பத்து மணி ஸ்டாண்ட்-அப்புக்கு அவன் வந்தாக வேண்டும்.

அவன் ஏன் முடியாது என்று சொல்லக்கூடாது என்று சிலர் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். “நாங்க யாரையும் கட்டிப் போடலையே, சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே” என்று. சேர்ந்து ஓராண்டு ஆகாதவனால் அதைச் சொல்ல முடியாது. ப்ரொபேஷன் முடியவில்லை, கன்ஃபர்மேஷன் கடிதம் உங்கள் கையில், ஆண்டு மதிப்பீட்டில் வரும் எண் உங்கள் கையில், நாளைக்கு ப்ராஜெக்ட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால் வேறு குழுவுக்குச் சிபாரிசு செய்யப்போவதும் நீங்கள். வீட்டில் கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைய நாளை முடித்துக்கொள்கிற அதிகாரம் அவனிடம் இல்லை. அவன் சொன்னால் அது விண்ணப்பம். நீங்கள் சொன்னால் அது முடிவு. ஆங்கிலத்தில் அந்தத் தொடரை நான் எத்தனை முறை சரியாக உச்சரிக்கப் பழக்கினாலும், அவனுக்கு அதைச் சொல்கிற தைரியம் என் வகுப்பிலிருந்து வராது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். கிளையன்ட் அமெரிக்காவில் இருக்கிறார். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர்கள் நாள் தொடங்கும்போது நம் நாள் முடிகிறது. இரண்டையும் இணைக்க யாராவது ஒருவர் மாலையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. உங்களுக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார், உங்கள் சாட்டிலும் இரவு பெயர்கள் எழுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டுக்குள் நுழைகிற அப்பாக்களும், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மியூட் பட்டனுமாகக் கூட்டத்தில் இருக்கிற அம்மாக்களும் உங்களில் பலர்.

ஆனால் மாலையில் உட்காருகிறவரை எதற்குக் காலை பத்து மணிக்கும் வரச் சொல்கிறீர்கள்? கடல் தாண்டி இருக்கிற நேர வித்தியாசத்தை நம்மால் மாற்ற முடியாது. ஸ்டாண்ட்-அப்பை மதியம் ஒரு மணிக்கு மாற்ற முடியும். ஒருவருக்கு இரண்டு நாளின் தலைகளும் வால்களும் சேர்ந்து பதின்மூன்று மணி நேரம் ஆகிறது என்றால் அதற்குக் காரணம் நியூயார்க் இல்லை, இங்கே போடப்படும் காலண்டர். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அதே கிளையன்ட் தன் ஊரில் மாலை ஐந்து மணிக்கு இதே தொடரைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார். மகளின் கால்பந்துப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று காரணமும் சொல்கிறார். நீங்கள் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறீர்கள். அவர் வாயில் அந்தத் தொடருக்கு இருக்கிற மதிப்பு, உங்கள் குழுவில் இருக்கிற பெண்ணின் வாயிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நாளின் வேலை இத்தோடு முடிகிறது என்கிற எல்லைக்கோடு யாரும் கருணையால் போட்டுக்கொடுத்தது கிடையாது. 1817 வாக்கிலேயே ராபர்ட் ஓவன் எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று பேசினார். பேச்சு பேச்சாகவே நெடுங்காலம் கிடந்தது. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல் கொத்தர்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். கூலி குறையாமல் எட்டு மணி நேர நாளைக் கட்டடத் தொழிலுக்கு வாங்கினார்கள். இன்றும் அந்த நகரத்தில் மூன்று எட்டுகளைத் தலையில் தாங்கிய நினைவுத்தூண் நிற்கிறது; உங்களில் ஆன்சைட் போனவர்கள் சிலர் அதைக் கடந்தே அலுவலகம் போயிருக்கலாம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1886 மே மாதம், சிகாகோவில் இதே கோரிக்கைக்கு ரத்தம் சிந்தியது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவானபோது அதன் முதல் ஒப்பந்தமே வேலை நேரம் பற்றியதுதான்.

நம் ஊரின் பங்கும் இதில் உண்டு. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, மதியம் சாப்பிடக் கிடைக்கும் நேரம் போதவில்லை என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் நடத்தினார். அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1946-ல், ஆலைகளின் வார வேலை நேரம் 54-லிருந்து 48 மணியாகக் குறைந்தது. 1947-ல் வந்த தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமும் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றே எழுதியது.

2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது உங்கள் அலுவலக கேண்டீனிலும் அதைப் பற்றிப் பேசியிருப்பீர்கள். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாளில் ஒரு மசோதா பின்வாங்கியது. அந்த மசோதாவை எதிர்த்து முகநூலில் எழுதிய டீம் லீடர்களை எனக்குத் தெரியும். அதே வாரத்தில் அவர்களுடைய குழுவினர் என் வகுப்புக்கு வர முடியாமல் இரவு பதினொரு மணிவரை வேலை செய்துகொண்டிருந்தார்கள். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை, வருத்தத்தோடு எழுதுகிறேன். கொள்கை அளவில் நீங்கள் ஏற்கெனவே என் பக்கம்தான் இருக்கிறீர்கள். 9.52-க்கு மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இந்த இரண்டு நோய்களால் 2016-ல் மட்டும் உலகம் முழுவதும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. காலை பத்திலிருந்து இரவு பத்துவரை ஐந்து நாள் போனால், சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் உங்கள் குழு அந்த 55-ஐத் தொட்டுவிடும்.

வேலையின் தரம் உங்களுக்கு முக்கியம் என்பதால் அதையும் பேச வேண்டும். சோவியத் உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்திய வேலையே மனிதர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று அவர் கண்டார். அந்த முடிவை எல்லாச் சூழலுக்கும் பொருத்த முடியுமா என்பதில் பின்னால் வந்தவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் பாதியில் நிற்கும் வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதை நம்மில் யாருக்கும் ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் ‘இன்னும் அரைமணி, முடித்துவிடலாம்’ என்ற சபலம் உங்களுக்கு வருகிறது. முடிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறீர்கள். மென்பொருளில் அப்படி ஒரு முடிவு வருவதே இல்லை. ஒரு டிக்கெட்டை மூடினால் அதன் பின்னாலேயே அடுத்தது நிற்கிறது. முடிகிறவரை இருப்போம் என்கிற கணக்கு, முடிவே இல்லாத வேலைக்குப் பொருந்தாது. எங்கே நிறுத்துவது என்பதை ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுத்த இடத்தை ஒழுங்காக விட்டுவைக்கவும் வேண்டும்.

அதற்கு நல்ல கொத்தனாரைப் பாருங்கள். மாலை நெருங்கும்போது அவர் சித்தாளிடம் இனி கலவை போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். மிஞ்சினால் கலவை இறுகி வீணாகும் என்பது அவருக்குத் தெரியும். சுவர் பாதி உயரத்தில் நிற்கும். ஈரச் சுவரை ஒரே நாளில் ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் கீழ் வரிசை தாங்காது. நாளை வந்து சேர்க்க வசதியாக ஓரத்தைப் படிபடியாக விட்டிருப்பார். கரணையையும் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நூலைச் சுற்றி வைத்துவிட்டுக் கை கால் கழுவிக் கிளம்புவார். பாதிச் சுவர்தான், ஆனால் மறுநாள் வருகிறவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் முதல் செங்கல்லை வைக்கலாம்.

உங்கள் குழுவில் இரவு பதினொரு மணிக்குச் செய்யும் கமிட்டை மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள். என்னிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: இரவு அவசரத்தில் ஒரு கண்டிஷனைத் தலைகீழாக எழுதிவிட்டு, மறுநாள் பாதிப் பொழுது அதைத் தேடியதை, ரிவ்யூ செய்ய வேண்டிய சீனியரும் தூக்கக் கலக்கத்தில் பார்க்காமலே அப்ரூவ் கொடுத்ததை. வெள்ளிக்கிழமை இரவு டிப்ளாய் செய்யக்கூடாது என்று உங்கள் தொழிலிலேயே ஒரு சொல்வழக்கு இருக்கிறதே, அது அனுபவத்தில் பிறந்ததுதானே?

அவசரங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ப்ரொடக்ஷன் விழுந்துவிட்டது, ஒரு வங்கியின் செயலியில் பணம் போகவில்லை, மருத்துவமனையின் பதிவேடு திறக்கவில்லை என்றால் எந்தக் கடிகாரத்தையும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் இந்தப் பிள்ளைகள் முகம் சுளிப்பதில்லை. விடியவிடிய இருந்து சரிசெய்துவிட்டு, அதை என்னிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்கள். அவர்களை வாட்டுவது அப்படிப்பட்ட இரவு கிடையாது. காரணமே இல்லாத செவ்வாய்க்கிழமை இரவு. நாளை மதியம் பார்த்தாலும் போதும் என்கிற ஒரு பிபிடி-யின் எழுத்துரு. யாரும் திறக்கப்போகாத ஒரு எக்ஸெல் தாள். அவசரம் எது, பழக்கம் எது என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. எல்லாவற்றுக்கும் ‘அர்ஜென்ட்’ என்று போட்டால், உண்மையான அவசரம் வரும் நாளில் அவர்களிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில நேரம் நீங்கள் போதும் என்பீர்கள், அந்தப் பிள்ளை இல்லை, இதை முடித்துவிட்டுப் போகிறேன் என்பான். அதற்கும் மரியாதை கொடுங்கள். 2025 ஜூலையில் மான்செஸ்டர் ஓல்ட் ட்ராஃபோர்டில் நடந்த டெஸ்டின் கடைசி நாளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தைவிட 311 ரன் பின்தங்கி, இரண்டாவது இன்னிங்ஸின் முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் இரண்டு விக்கெட்டை இழந்த இந்தியா, நாள் முழுக்க நின்று ஆட்டத்தை டிராவுக்குக் கொண்டுவந்திருந்தது. கடைசி மணி நேரத்தில் பென் ஸ்டோக்ஸ் கை குலுக்கி முடித்துக்கொள்ளலாம் என்று வந்தார். ஜடேஜா 89, நம் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் 80. அவர்கள் கை குலுக்கவில்லை. ஸ்டோக்ஸுக்குக் கோபம், இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பகுதிநேரப் பந்துவீச்சாளர் ஹாரி ப்ரூக்கிடம் பந்து போனது. ஜடேஜா 107, சுந்தர் 101 என்று ஆட்டமிழக்காமல் நின்ற பிறகுதான் ஆட்டம் முடிந்தது. சுந்தருக்கு அது முதல் டெஸ்ட் சதம். மணிக்கணக்கில் களத்தில் நின்றவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று சொல்ல உரிமை உண்டு என்றுதான் நான் அதைப் பார்த்தேன்.

கிரிக்கெட்டில் அந்தக் கைகுலுக்கலுக்கு இரண்டு தரப்பும் சம்மதிக்க வேண்டும். உங்கள் குழுவிலும் இரண்டு தரப்பு இருக்கிறது. இன்னும் இருபது ரன் இருக்கிறது என்று ஒரு பிள்ளை ஆசையோடு உட்கார்ந்தால் தடுக்காதீர்கள். ஆனால் அது அவன் விரும்பி ஆடும் ஆட்டமாக இருக்க வேண்டும். நீங்கள் போகவில்லை என்பதற்காக அவனும் போகாமல் இருந்தால் அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்த வித்தியாசம் முகத்தைப் பார்த்தாலே தெரியும். கேமரா அணைந்த கட்டத்தில் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை நேரம் முடிந்தபின் ஊழியரை விட்டுவிடுவதைச் சில நாடுகள் சட்டத்திலேயே கொண்டுவந்துவிட்டன. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பணி நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றித் தொழிலாளர்களோடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, வேலை நேரம் கழித்து வரும் அழைப்பை எடுக்காமலிருக்க ஊழியருக்கு உரிமை இருக்கிறது. நம் நாடாளுமன்றத்திலும் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் அதை நாளைக்கே கொண்டுவர உங்களால் முடியும். அதற்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். நேரத்தை முதலிலேயே சொல்லுங்கள். கூட்டம் ஆரம்பிக்கும்போதே இன்று எட்டரைக்கு நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டால், வீட்டுக்கு எப்போது வருவேன் என்று அந்தப் பிள்ளையால் பதில் சொல்ல முடியும். நிறுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எது எதுவரை வந்திருக்கிறது, நாளை முதலில் எதைத் தொட வேண்டும் என்று டிக்கெட்டிலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதிவையுங்கள். அவுட்லுக்கிலும் டீம்ஸிலும் ஸ்லாக்கிலும் காலையில் போய்ச் சேரும்படி அனுப்பும் வசதி இருக்கிறது. “அவசரமில்லை, காலையில் பார்த்தால் போதும்” என்ற குறிப்போடு இரவு பத்து மணிக்கு அனுப்புவது போதாது. பெயரைப் பார்த்ததுமே அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் போய்விடுகிறது. குறிப்பைப் படிக்கும் முன்பே லேப்டாப் திறந்துவிடுகிறது.

முதலில் எழுந்து போகிறவர் நீங்களாக இருங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறவரை கீழே இருப்பவர்களுக்கு அணைக்கத் துணிவு வராது. ஆண்டு மதிப்பீட்டில் ‘எப்போது கூப்பிட்டாலும் இருப்பார்’ என்பதைப் புகழாக எழுதுவதை விடுங்கள். ஐந்தரைக்குக் கிளம்பி, ஒழுங்காக எழுதிய நிரலை விட்டுச் செல்லும் பெண்ணைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் நல்ல வார்த்தை சொல்லுங்கள். அவள் கிளம்பும்போது “இன்னிக்கு ஹாஃப் டேவா?” என்று கேட்கிறவரை, விளையாட்டுக்குச் சொன்னாலும், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஏழு மணிவரை வெறுமனே உட்கார்ந்திருக்கிறவர்களை நான் அறிவேன்.

கிளையன்ட்டிடம் பேசும் இடம் உங்களுக்குச் சங்கடமானது என்று தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். “எங்கள் குழு இன்றைக்கு இத்தோடு நிறுத்துகிறது, மிச்சத்தை உங்கள் காலைக்குள் தருகிறோம்” என்று அவர்கள் மொழியிலேயே, அவர்கள் தினமும் சொல்லும் அதே தொடரால் சொல்லுங்கள். அது அவர்களுக்குப் புரியாத தொடர் இல்லை. தங்கள் நாட்டில் இன்னொருவர் சொன்னால் மதிக்கும் தொடர். நீங்கள் தயங்கித் தயங்கி ‘ஷ்யூர், வில் டூ’ என்று சொல்லிப் பழக்கியதால்தான் அவர்களுக்கு இங்கே இரவு என்பதே மறந்துபோயிருக்கிறது. ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் “ஆஃப் கோர்ஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள் என்று என் மாணவர்களில் லீடர்களாக வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

கடைசியாக, என் தொழில் சார்ந்த ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் யார் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை முடித்துவைக்கும் பொறுப்பை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். குறித்த நேரம் வந்ததும் “லெட்ஸ் கால் இட் எ டே” என்று அவனோ அவளோ சொல்லட்டும். முதல் வாரம் குரல் நடுங்கும், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடத் தயங்குவார்கள். நீங்கள் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்துங்கள், நன்றி சொல்லுங்கள், திங்கட்கிழமை காலைவரை அந்தக் குழுவுக்கு எதையும் அனுப்பாதீர்கள். நான் வகுப்பில் பொருளைச் சொல்லி எழுதிப்போடுகிறேன். அது உண்மையாவது உங்கள் கையில் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் பலருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்த ஆசிரியை